யார் வீட்டுப் போளி?

“அரே செக்ரட்டரி சாப், எங்க புரண்போளி உங்க பாலக்காட்டுல பொறந்ததா? நாளைக்கு வடா பாவும் உங்களுதும்பீங்க!”

வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள் இரண்டாம் மாடி குல்கர்ணி வஹினி, அதாவது மராத்தி அண்ணி.

திருவேங்கடம் அவசரமாக ஃபோனைத் திறந்தார். மும்பை செம்பூர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரிலேயே இருந்தது: ‘போளியைக் கண்டுபிடித்தது பாலக்காடு. மற்றதெல்லாம் காப்பி.’

விடிந்ததும் படிக்காமலே அவர் தட்டிவிடும் ஃபார்வர்டுகளில் இதுவும் போயிருக்கும்.

நாளை மறுநாள் மராத்திப் புத்தாண்டான குடிபாட்வா விருந்து. எண்பது பேருக்கும் தன் மனைவி ருக்குவே போளி செய்வாள் என்று கூட்டத்தில் மார்தட்டியிருந்தார். விருந்து முடிந்த கையோடு செயலாளர் தேர்தல். அந்த நாற்காலி போனால் வாட்ச்மேன்கூட சலாம் போடமாட்டான்.

‘போளியின் தாய்வீடு மகாராஷ்டிரா. மன்னிக்கவும்’ என்று போட்டார்.

வஹினி குளிர்ந்தாள். மூன்றாம் மாடி பத்மஜா கொதித்தாள். “அங்கிள், அப்ப எங்க ஆந்திரா பொப்பட்லு என்ன, அநாதையா?”

‘ஆந்திராவும்தான்’ என்று சேர்த்தார். உடனே மங்களூர் ஹெக்டே கூப்பிட்டார். “எங்க ஹோளிகெயை விட்டுட்டீங்க. ஓட்டுக்கு மட்டும் எங்க வீட்டுக்கு வருவீங்களா?”

ஆத்திரத்தில், ‘போளி பாரதத்தின் பொதுச்சொத்து’ என்று அடித்தார். அதுவரை தனித்தனியாகத் திட்டியவர்கள் ஒன்றுகூடித் திட்டினார்கள்.

கடைசியில் வஹினியே சவால் விட்டாள். “விருந்துக்கு நானே பண்ணிக் கொண்டு வரேன். தின்னு பார்த்துட்டு எது அசல்னு சொல்லுங்க!”

“நாங்க மட்டும் சும்மா இருப்போமா?” என்றாள் பத்மஜா. ஹெக்டே வீட்டில் அன்றே பருப்பை வேகப்போட்டுவிட்டார்கள்.

விருந்தன்று மேஜை கொள்ளாமல் போளி. பத்மஜா புரண்போளியைப் பாலில் நனைத்தாள். வஹினி பொப்பட்லுமேல் நெய்யை ஊற்றிக்கொண்டாள். எது அசல் என்று கேட்க, காலியாக ஒரு வாய்கூட இல்லை.

“அடுத்த வருஷமும் திருவேங்கடமே செக்ரட்டரி!” என்று ஏப்பத்துக்கு நடுவே முன்மொழிந்தார் ஹெக்டே. “இதே சண்டை வேணும்!”

மீசையில் நெய் மின்ன வீடு திரும்பினார் திருவேங்கடம்.

“பாத்தியா ருக்கு? ஒரு ஃபார்வர்டு தப்பாப் போனதுல எவ்ளோ நல்லது! பாவம், நீ போளி தட்டறதுக்குத்தான் வேலையே இல்லாமப் போயிடுத்து.”

ருக்கு சோபாவில் காலை நீட்டிக்கொண்டாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எண்பது பேருக்கு ஒத்துண்டு வந்தேளே... அந்த மெசேஜை உங்க ஃபோன்லேருந்து போட்டதே நான்தான்!”