எட்டுக்குப் பயந்து வாங்கிய கார்

எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். நாங்கள் குடியிருக்கும் டேனிஷ் ஊரான கோல்டிங்கில் யார் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், கையில் ஒரு மீன் ரோல்ஸைப் பிடித்துக்கொண்டு, ராகுகாலம் பார்க்கிறவர்களைப் பற்றி அரை மணித்தியாலமாவது பேசுவேன். அப்படிப்பட்ட நான், மாமனாரின் செத்தவீட்டில் மானங்கெட்டு நின்றதற்குக் காரணம் ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. ஆட்கள் தங்கள் பாட்டுக்குக் கை கால் வைத்துச் சொல்லித் திரிவதால், உள்ளதை உள்ளபடி நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பழைய கார் அந்த வருடம் பரிசோதனையில் தேறவில்லை. என் மனைவி வதனிக்கு முதியோர் இல்லத்தில் விடியற்காலை வேலை; எனக்குப் பிரெடெரிசியாவில் தொழிற்சாலை. இருவருக்கும் ஒரு கார்தான். வதனி கேட்டது மிகக் குறைவு. குளிரில் ஸ்டார்ட் வர வேண்டும், போகிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நிறத்தைப் பற்றிக்கூட அவள் வாய் திறக்கவில்லை.

நான்தான் ஜப்பான்காரனின் பழைய டர்போ கார் என்று ஒற்றைக்காலில் நின்றேன். (யுத்தகாலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய தலைமுறை ஐயா. டர்போ என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு விம்மும்.) என்ஜினின் புகையை வைத்தே அதற்குக் கூடுதல் காற்றை ஊதிவிடும் சின்னச் சுழலிதான் டர்போ. அந்தக் காற்றைக் கொண்டுபோகும் றப்பர் குழாய் ஒன்று கழன்றால் கார் கட்டைவண்டியாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் இணையத்தில் வாசித்து, அட்டவணை போட்டு, கடைசியில் இரண்டு கார்களில் வந்து நின்றேன். இரண்டுக்கும் வயது இருபதுக்கு மேல். பெயர்களைச் சொல்லமாட்டேன், பாவம், செய்தவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

முதலாவது, சாம்பல் நிறத்தில் நீளமான குடும்பக் கார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு தடவையும் திகதியோடு எழுதி வைத்திருந்தார். குழாய்களெல்லாம் புதிது. மனிதர் காரைத் தடவிக் கொடுத்தபடியே கதைத்தார். இரண்டாவது நீலம். மூக்கில் காற்று வாங்கும் ஓட்டை, பின்னால் ஓர் இறக்கை, சைலன்சர் வாய்க்குள் ஒரு தேங்காயை வைக்கலாம். அதன் சொந்தக்காரப் பொடியன், தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன் என்று சத்தியம் செய்தான். என்னைச் சந்திக்க அவன் சைக்கிளில் வந்திருந்தான். புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே வீடு திரும்பியிருப்பான்.

நானும் சாம்பல் காரைத்தான் எடுப்பதாக இருந்தேன். முற்பணம் கொடுக்கப் போன அன்று, சும்மா நிற்கிற நேரத்தில், அதன் இலக்கத் தகட்டைக் கூட்டிப் பார்த்தேன். எட்டு. கைவிரலில் இன்னொரு தரம் கூட்டினேன். எட்டேதான். சனி பகவானுடைய எண். வாகனத்துக்கு எட்டு ஆகாது என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போதெல்லாம் நக்கலடித்த நான், வாத்தியாரின் முற்றத்தில் நின்று, எடுத்த காசைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தேன். நீலக் கார் ஆறு. சுக்கிரன். வாத்தியாரிடம் ஏதோ பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

வதனியிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். ஆகவே சுழலியின் அழுத்தம், எடைப் பங்கீடு, நான்கு சக்கர இழுவை என்று ஒரு மணித்தியாலம் விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்துவிட்டு, உங்களுக்குத் தெரியாததா என்றாள். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

நீலக் காரை வாங்கிய ஐந்தாவது மாதம் மாமா, வதனியின் அப்பா, காலமானார். ஸ்கீவயில் இருந்தார், அகதியாக வந்த நாளில் கொண்டுபோய்க் குடியேற்றிய அதே ஊரை விட்டு அசையாத மனிதர். கடைசி இரண்டு வருடம் அவரைப் பார்த்தது வதனி. லீவு நாளெல்லாம் கோல்டிங்கிலிருந்து போய்க் குளிக்க வார்த்து, நகம் வெட்டி, மருந்து கொடுத்து வருவாள். ஒரே மகன் சுதன், கனடாவில். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். செத்தவீட்டுக் காலை பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். தகன மண்டபம் பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் எங்களுக்கு. பிறகு வேறொரு குடும்பத்தின் சாவு. டேனிஷ்காரனின் மணிக்கூட்டை நாங்கள் அழுதாலும் திருப்ப முடியாது. சுதனைக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. வதனி முதல்நாளே ரயிலில் தாயிடம் போய்விட்டாள். போகும்போது என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, தம்பியை நேரத்துக்குக் கொண்டு வந்திடுங்கோ. அப்பாவுக்கு அவன் செய்யோணும்."

ஒன்பது மணிக்குச் சுதன் வெளியே வந்தான். கண் வீங்கியிருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. வழியில் ஹெர்னிங் ஊரைத் தாண்டும்வரை கார் பறந்தது. துக்கத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முன்னால் போன லொறியை முந்துவதற்கு அழுத்தி மிதித்தேன். டமார் என்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. கார் இருமிக்கொண்டு தெருவோரம் ஒதுங்கியது.

அப்போதே யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் வாசித்தவன் அல்லவா? குழாய்தான், ஐந்து நிமிடம் என்றேன். என்ஜின் மூடியைத் தாங்கும் கம்பி அந்தக் காரில் கிடையாது. (பொடியன் அதைச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.) ஆகவே, தகப்பனைப் பறிகொடுத்து, சமுத்திரம் தாண்டி வந்த பிள்ளை, கறுத்தக் கோட்டோடு அந்த மூடியைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். சுற்றிலும் வெறும் புல்வெளி, மழைத்தூறல். நான் குனிந்து நின்று கை முழுக்கக் கரியாக்கினேன். குழாயை இறுக்கும் வளையம் வெடித்துப் போயிருந்தது. சுதன் தன் கழுத்துப்பட்டியைக் கழற்றித் தந்தான். அதை வைத்துக் கட்டினேன். மூன்று தரம் கட்டினேன், மூன்று தரமும் கழன்றது. ஐந்து நிமிடம் என்றது முக்கால் மணித்தியாலம் ஆனது.

கடைசியில் குழாய் கழன்றபடியே புறப்பட்டோம். நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஒரு ட்ராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் அனுதாபமாகக் கை காட்டினார். சுதன் அப்போதுதான் கேட்டான், ஏன் அத்தான் இந்தக் காரை வாங்கினியள் என்று. எடைப் பங்கீடு என்று தொடங்கினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. மற்றக் கார் கூட்டினால் எட்டு வந்தது என்றேன். அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதினொன்றேகாலுக்கு வதனியின் அழைப்பு. நாங்கள் இன்னும் அரைவழிதான். ஐயர் பொறுக்கமுடியாது என்கிறாராம். ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் தான் செய்வதாக முன்னுக்கு வந்து நிற்கிறாராம். மாமி அதற்குச் சம்மதிக்கவில்லை, பெத்த பிள்ளை ஒண்டு இஞ்சை நிக்குதுதானே என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாவாம். எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் கொள்ளி வைத்ததில்லை. தம்பியின் உரிமையைப் பறிக்கிறோமோ என்ற பயம் அவளுக்கு. போனை அவனிடம் நீட்டினேன்.

"அக்கா, நீ செய்," என்றான் சுதன். "அப்பாவைப் பாத்தது நீதானே. நான் சொல்லிறன், நீ செய்."

அதற்குப் பிறகு அவன் வாய்விட்டு அழுதான். நான் வெட்கத்திலே செத்துப்போனேன். நாற்பதில் ஓடும் காரில் அழுகையை மூடுவதற்கு என்ஜின் சத்தம்கூடப் போதாது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க மண்டபத்தை அடைந்தோம். அந்தச் சைலன்சரின் உறுமலும் கரும்புகையுமாக நான் உள்ளே திரும்பியபோது, வெளியே காத்துநின்ற அடுத்த டேனிஷ்க் குடும்பம் தொப்பிகளைக் கழற்றிவிட்டது. எங்களை அவர்கள் என்னவென்று நினைத்தார்களோ தெரியாது. எல்லாம் முடிந்திருந்தது. குடம் உடைத்த ஓடுகளை மண்டபப் பொறுப்பாளர் பக்குவமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். ஈரச் சேலையோடு வதனி வெளியே வந்தாள். சுதன் அவளைக் கட்டிப்பிடித்தான். பிறகு அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். என் கரிக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் பின்னால் நின்றேன்.

மாமி என்னோடு கதைக்கவேயில்லை, எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு வரைக்கும். (எட்டுக்குப் பயந்தவனை எட்டு எங்கே விட்டது!) அன்றைக்குப் படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சுதன் நம்பர் கதையை அவிழ்த்துவிட்டான். வதனி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காசு கட்டினா வேறை நம்பர் தருவாங்களே," என்றாள். "என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். சாத்திரத்தை நம்பாமலிருந்தால் சாம்பல் காரை வாங்கியிருப்பேன். நம்புகிறேன் என்று வீட்டில் ஒத்துக்கொண்டிருந்தாலும் சாம்பல் காரை வாங்கி, தகட்டை மாற்றியிருப்பேன். இரண்டும்கெட்டான் நான்.

நீலக் காரை அந்த மாதமே விற்றோம். மாமி இப்போது எங்களோடுதான் இருக்கிறா. போன மாதம், தன் கடைசி விருப்பங்களை எழுதிவைக்கும் டேனிஷ்ப் படிவம் ஒன்றை எடுத்துவரச் சொன்னா. இந்த நாட்டில் ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே நிரப்பி வைப்பார்கள். வதனி வேண்டாம் என்றாள். மாமி விடவில்லை, என்னைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னா. எரிக்க வேண்டும். வெள்ளைப் பூ. வேறு விருப்பங்கள் என்ற இடம் வந்ததும் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டா.

"என்ர கிரியையை மகள்தான் செய்யோணும் எண்டு எழுதுங்கோ, தம்பி," என்றா. "அதுக்குக் கீழை, மகனை விமான நிலையத்திலையிருந்து மருமோன் கூட்டிக்கொண்டு வரோணும் எண்டும் எழுதுங்கோ."

இரண்டையும் பிழையில்லாத டேனிஷில், என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஓம் என்று தலையாட்டிக் கையெழுத்து வைத்தா.