யோர்க் நகரத்தைப் பற்றி விசாரித்த வகையில்

ரொம்மன், ஒஸ்லோ
06.07.2008, ஞாயிறு

என்றும் என் மதிப்புக்குரிய குகநேசன் அத்தானுக்கு,

நீங்களும் உதயக்காவும் யோர்க்கில் நோய்நொடி இல்லாமலும் வீட்டுக் காப்பெற் நனையாமலும் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். காப்பெற்றைப் பற்றிப் பிறகு வருகிறேன். இங்கே நான், சத்தியபாமா, நிருஜா மூவரும் சுகம். மழை.

போன் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன் வாசல் நடையில் இருக்கிறது. நிருஜாவின் அறைக் கதவு அதற்கு நேர் எதிரே. ஈமெயில் எழுதலாமென்றால் அதை எனக்குத் திறந்து தந்ததும் கடவுச்சொல் வைத்ததும் அவள்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், அச்சடித்த தமிழ் என்றால் தடதடவென்று வாசிப்பாள். என் கையெழுத்து மட்டும் அவளுக்கு ஏறாது. அதை வாசிக்கக்கூடியவர்கள் இந்த உலகத்தில் நீங்களும் அக்காவும்தான். தயவுசெய்து அக்காவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம். அவ உடனே இங்கே போன் எடுப்பா.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் யோர்க் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்க நிருஜாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒக்ரோபரில் தொடக்கம். ஒஸ்லோவில் சரித்திரம் இல்லையோ என்று கேட்டேன். "இருக்கு அப்பா, ஆனால் அது நான் பாத்த சரித்திரம்" என்றாள். இரண்டு கிழமையாக வீட்டில் சண்டையில்லை. சண்டை பிடித்தாலாவது மனம் ஆறும், அவள் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள். போன வெள்ளிக்கிழமை அவளே ஒரு வழி சொன்னாள். "குகநேசன் மாமா வேண்டாமெண்டு சொன்னால் நான் போகேல்லை. ஓமெண்டு சொன்னால் நீங்கள் பிறகு ஒண்டும் கதைக்கக் கூடாது." சத்தியபாமாவும் அதுதான் சரி என்று தலையாட்டிவிட்டா. எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் கலியாணமே நீங்கள் ஓம் என்று சொன்னபடியால்தான் நடந்தது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆகவே வருகிற ஞாயிறு நீங்கள் வழக்கம்போலப் போன் எடுக்கும்போது அவள் கேட்பாள். நீங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுகோள். நான் எழுந்தமானத்தில் கேட்கவில்லை அத்தான், முறைப்படி விசாரித்துவிட்டுத்தான் கேட்கிறேன். எங்கள் ஆட்கள் பெண் கொடுக்கிறதென்றால் மூன்று இடத்தில் விசாரிப்பார்கள் இல்லையா, ஒன்று மாப்பிள்ளையின் பழைய கதை தெரிந்த இடம், ஒன்று அயல், ஒன்று எங்களுக்கு ஆகாத ஆள். அதே முறையில் நான் யோர்க் நகரத்தை விசாரித்தேன். நிருஜாவுக்கு இது தெரிய வந்ததும், "அப்பா, நான் யோர்க்கைக் கலியாணம் கட்டப் போகேல்லை, படிக்கப் போறன்" என்றாள். படிக்கப் போகிற இடத்தில்தான் பிள்ளைகள் தங்கிவிடுகிறார்கள். கலியாணம் கட்டினவர்களாவது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள்.

முதலில் பழைய கதை. ஸ்டொவ்னர் நூலகத்துக்குப் போய் யோர்க் நகரத்தின் இருபதாம் நூற்றாண்டைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன், முந்தின நூற்றாண்டுகளை மன்னித்து விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அங்கே வேலை செய்கிற பெண் சிரிக்காமல் வேறு நூலகத்திலிருந்து எடுப்பித்துத் தந்தா. அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் வாசித்தேன். அத்தான், ஒரு மாப்பிள்ளைக்கு இதில் பாதி இருந்தாலும் நாங்கள் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்போம். 1942 ஏப்பிரலில் ஜேர்மன்காரன் குண்டு போட்டிருக்கிறான். ஏன் போட்டான்? அங்கே பெரிய படைத்தளம் இருந்தது என்றல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கான கையேட்டில் வடிவான ஊர் என்று எழுதியிருந்த ஊர்களாகப் பார்த்துப் போட்டானாம். வடிவு என்று நாலு பேர் சொன்னால் கண்ணூறு படும் என்று நாங்கள் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இங்கே அச்சிலேயே இருக்கிறது. ரயில்வே ஸ்டேசன் எரிந்தது, நகர மண்டபம் எரிந்தது, ஒரு பழைய தேவாலயம் எரிந்தது, கிட்டத்தட்ட நூறு சனம் செத்தது. அதோடு விட்டதா? 1984இல் பேராலயத்தின் கூரையில் இடி விழுந்து நெருப்புப் பிடித்தது என்கிறார்கள். அதற்கு மூன்று நாள் முந்தித்தான் அங்கே ஒரு ஆயருக்கு அபிஷேகம் நடந்ததாம், அது கடவுளுக்குப் பிடிக்கவில்லை என்று சனம் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியதாம். அந்தக் கடிதங்களை நான் ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை.

பிறகு 2000ஆம் ஆண்டு. நூற்றாண்டு முடிய இரண்டு மாதம் கிடக்க ஆறு பெருகி, முந்நூற்றுச் சொச்சம் வருஷத்தில் இல்லாத வெள்ளம். அப்போது நான் பதறிப்போய் உங்களுக்குப் போன் எடுத்தேன், நீங்கள் "காப்பெற்றிலை கொஞ்சம் ஈரம்" என்று சொன்னீர்கள். புத்தகத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் உங்கள் தெருவுக்குள்ளே படகு போகிற படம் இருக்கிறது. அந்தப் படகில் தொப்பி போட்டுக்கொண்டு மடியில் ரைஸ் குக்கரோடு இருக்கிறது நீங்கள்தானே? நீங்கள் வேலை செய்த ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1996இல் இழுத்து மூடினார்கள் என்றும் போட்டிருக்கிறது. அந்த வருஷம் எங்களுக்கு எழுதின கிறிஸ்மஸ் கார்டில் "போதும் என்று வேலையை விட்டுவிட்டேன், இப்போது தோட்டம்" என்று எழுதியிருந்தீர்கள். நான் இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருபத்தொன்பது வருஷமாக அந்த ஊரைப் பற்றி ஒரு குறை நீங்கள் சொன்னதில்லை என்றுதான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கொதிநீர்க் குழாய் வெடித்ததை நாங்களும் உங்களுக்குச் சொல்லவில்லை, அது வேறு.

இன்னொன்றையும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. 1972இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு நிலம் தோண்டின இடத்தில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தின வைக்கிங் ஒருத்தனின் மலத்தைக் கண்டெடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தி அது தவறி விழுந்து உடைந்துவிட, படித்த ஆட்கள் குந்தியிருந்து ஒட்டினார்களாம். இதைத்தான் அங்கே போய்ப் படிக்கப் போகிறாயோ என்று கேட்டேன். "அது எங்கடை ஆக்களின்ரைதான் அப்பா, நோர்வேயிலை இருந்து போனவை" என்கிறாள். எங்கள் ஆட்களாம். பாருங்கோ அத்தான்.

அடுத்தது ஆகாத ஆள். செபஸ்ரியனை உங்களுக்குத் தெரியாது, ஹவுகெட்டோவில் இருக்கிறார், கரப்பந்தாட்ட அணியிலிருந்து என்னை விலத்தின நாளிலிருந்து நானும் அவரும் கதைப்பதில்லை. இங்கிலாந்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்றபடியால் என் மானத்தை விட்டுப் போய்க் கேட்டேன். ஆகாதவன் கட்டாயம் குறை சொல்லுவான், அதை எழுதிக்கொண்டு வரலாம் என்று கொப்பியும் கொண்டுபோனேன். அந்த மனிசன் தேத்தண்ணி தந்து, "யோர்க்கோ? அருமையான இடம், யோசியாமல் அனுப்பு" என்று சொல்கிறார். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. ஆகாதவன் நல்லது என்று சொல்கிற இடத்தில் என்ன இருக்கிறதோ. வெளியே வரும்போது கடைசியாக ஒன்று சொன்னார், ஒஸ்லோவைத் தொடங்கினதாகச் சொல்கிற ராசா யோர்க்குக்குப் பக்கத்தில் போய்ச் சண்டை பிடித்து அங்கேயே செத்தவனாம். அதை மட்டும் கொப்பியில் எழுதினேன்.

மூன்றாவது, அயல். நான் சமையலறையில் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இமெல்டா என்று ஒரு கிழவி இருக்கிறா, வயது எழுபத்தொன்பது, யோர்க்கில் பிறந்து இருபது வயதில் ஒரு நோர்வேக்காரனைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தவ. அவவின் நோர்வேஜிய மொழியும் என்னுடையதும் இரண்டும் வந்தேறி மொழி, அதனால் நாங்கள் நன்றாக விளங்கிக்கொள்வோம். குண்டு விழுந்தபோது அவவுக்குப் பதின்மூன்று வயது. சொக்கிலேட் தொழிற்சாலையின் களஞ்சியம் எரிந்து ஊர் முழுக்கச் சீனி கருகின மணமாம், பயத்தில் அழுதுகொண்டே பசித்ததாம். பேராலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சண்டை தொடங்கின கையோடு அதன் கண்ணாடிச் சன்னல்களைக் கழற்றி நாட்டுப்புறங்களில் ஒளித்து வைத்திருந்தார்களாம். "எல்லாம் திரும்பி வந்ததோ?" என்று கேட்டேன். "வந்தது. திரும்பப் பொருத்திப் பூட்டி முடிக்கத்தான் இருபது வருஷம்" என்றா. 84ஆம் ஆண்டு நெருப்பில் வட்டச் சன்னல் நாற்பதாயிரம் துண்டாக வெடித்தும் ஒரு துண்டு கழன்று விழவில்லை என்றும் சொன்னா. அது நல்ல செய்தி என்பதால் கொப்பியில் சேர்க்கவில்லை.

இவ்வளவும் விசாரணை. உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன் அத்தான், ஊர் நல்லதாக இருந்திருந்தாலும் எனக்கு விருப்பமில்லை. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், இப்போது இருபத்திரண்டு வருஷம். அவளுடைய பயணப் பெட்டிக்கு அடியில் ஒரு சில்லு கழன்றுபோய்க் கிடக்கிறது, திரும்பப் பூட்டித் தரச் சொல்லி மூன்று கிழமையாகக் கேட்கிறாள். சாமான் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். சில்லு என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

ஆகவே ஞாயிறு வேண்டாம் என்று ஒரு சொல். காரணம் கேட்டால் ஈரம் என்று சொல்லுங்கோ, பொய்யாகாது. அக்காவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு. உங்கள் தோட்டத்துத் தக்காளி இந்த வருஷமாவது சிவக்கட்டும். சத்தியபாமா வணக்கம் சொல்லச் சொன்னா, எதற்கென்று அவவுக்குத் தெரியாது.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
இரவீந்திரன்

பி.கு.: 07.07.2008, திங்கள் பின்னேரம். கடிதத்தை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தேத்தண்ணி கொண்டுபோன இடத்தில் இமெல்டா உறையில் யோர்க் என்று கண்டுவிட்டா. என்ன எழுதினாய் என்று கேட்டா, சொன்னேன். கேட்டு முடியும்வரை சிரித்துவிட்டு லாச்சிக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, "வாசி" என்று தந்தா. 1949இல், அவ ஒஸ்லோவுக்கு வெளிக்கிட முந்தி, தகப்பன் அவவுக்கு எழுதினது. ஒஸ்லோவை விசாரித்து எழுதியிருக்கிறார் அத்தான். ஐந்து வருஷம் ஜேர்மன்காரன் இருந்த ஊர், மாரிக் குளிரில் பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டு, கோப்பித்தூள் பங்கீட்டு அட்டைக்குத்தான், தேத்தண்ணி போடத் தெரியாத சனம். ஹல் துறைமுகம் வரை போய் ஒரு நோர்வே மாலுமியைப் பிடித்துக்கூடக் கேட்டிருக்கிறார். ஒரு பொய் இல்லை. நான் இத்தனை காலம் இருக்கிற ஊரில் எனக்கே தெரியாத குறை இரண்டு அதில் இருந்தது. போகாதே என்று எழுதிக் கையெழுத்தும் வைத்து, அதன்கீழே ஒரு வரி: உன் பெட்டியின் பூட்டு பழுதாகிக் கிடந்தது, புதிது போட்டிருக்கிறேன், சாவி இரண்டு, ஒன்றை நான் வைத்திருக்கிறேன்.

மற்றச் சாவிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். "அப்பா செத்த அண்டைக்கு அவரின்ரை கோட்டுப் பையுக்குள்ளை இருந்ததாம்" என்றா. நான் தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேலே உள்ளதைத் திரும்ப எழுதக் கை உளைகிறது, அதனால் உறையைப் பிரித்து இதை மட்டும் சேர்க்கிறேன். ஞாயிறு ஓம் என்று சொல்லுங்கோ. உடனே சொல்லாமல் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்து சொல்லுங்கோ, நான் இவ்வளவு விசாரித்ததற்கு ஒரு மதிப்பு வேண்டாமோ. அக்காவுக்கு வாசித்துக் காட்டலாம். சில்லைப் பூட்டிவிட்டேன், நன்றாக உருளுகிறது. அந்தப் பெட்டிக்கும் சாவி இரண்டு. ஒன்றைத்தான் அவளிடம் கொடுத்திருக்கிறேன்.