பிறந்தநாளுக்கு ஓடியவன்

என் வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிப்பதற்கு அல்லாமல் நான் ஓடியது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு ஒரு பஸ் நிறைய ஜனங்களை அழவைத்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தேன். கல்பாக்கத்திலிருந்து ஓர் இளம் எஞ்சினியர் சட்டைத்துணி எடுக்க வருவார். தினமும் காலையில் ஓடுகிறவர். “முப்பதுக்கு மேல உடம்பு இறங்குமுகம்தான் பாய்” என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அடுத்த மாதம் முப்பது. மனைவி சுபைதா தலைப்பிரசவத்துக்காக மாமல்லபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். (கிளம்பிய அன்று அவள் பெட்டியை பஸ் வரை தூக்கிவந்து நான் இளைத்த இளைப்பைப் பார்த்து, “மாசமா இருக்கறது நானா, நீங்களா?” என்று கேட்டிருந்தாள்.)

முடிவு செய்தேன். பிறந்தநாளன்று மாமல்லபுரம் வரை ஓடி, அவள் வாசலில் போய் நிற்பது. ஒன்பது மைல். யாரிடமும் சொல்லவில்லை, பாதியில் பஸ் ஏறினால் யாருக்கும் தெரியாது பாருங்கள். பயிற்சி என்று எதுவும் செய்யவில்லை. புது கான்வாஸ் ஷூ வாங்கினேன். பாதி ஓட்டம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் முதல் தேதி. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் கிளம்பினேன். முதல் மைலில் என்னைப் பார்த்து எனக்கே பொறாமை. இரண்டாவது மைலில் மூச்சு என்னைவிட்டு முன்னால் போய்விட்டது. மூன்றாவதில் ஷூ கடித்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த ஆள் ரோட்டில் ஓடினால் ஒன்று திருடனாக இருக்க வேண்டும், இல்லை வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்கள் இரண்டாவதையே எடுத்துக்கொண்டார்கள். (அந்த மரியாதைக்கு இன்றும் நன்றி.)

எதிரே மீன்கூடையோடு சைக்கிளில் வந்த கன்னியப்பன் இறங்கிவிட்டார்.

“இன்னா பாய், எங்க இப்பிடி ஓடிகினு கீற?”

“மாமல்லபுரம்.”

“வூட்டுக்காரம்மாவுக்கு எதுனா…?”

‘சுபைதாவுக்கு ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறேன்’ என்றுதான் சொல்ல நினைத்தேன். “சுபைதாவுக்கு…” வரைக்கும்தான் மூச்சு இருந்தது. மீதிக்கு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. சைக்கிளில் தாவி ஏறி புதுப்பட்டினம் பக்கம் மிதித்துக்கொண்டு போனார்.

மணமை தாண்டும்போது ஓட்டம் நடையாகி, நடை நொண்டலாகி, ஷூ இரண்டும் கைக்கு வந்திருந்தன. பின்னாலிருந்து வந்த பஸ் என் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் குதித்து இறங்கி என் அக்குளில் கைகொடுத்தார்.

“ஏறு பாய்.”

“வேணாம்… ஓடியே…”

“பேசாத. மனச வுட்றாத.”

கையிலிருந்த ஷூ ரோட்டில் விழ, இரண்டு பேர் சேர்ந்து என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள். முன் சீட்டில் அம்மா, தலையில் முக்காடும் கையில் தஸ்பீஹ் மணிமாலையுமாக. கன்னியப்பன் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். கூடவே எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர். அவர்கள் அழுவதைப் பார்த்து, நாங்கள் யாரென்றே தெரியாத பயணிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் காலைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து ரத்தம்.

“செருப்புகூட போடாம ஓடியாந்துட்டியேடா” என்று என் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் எனக்கு மூச்சு திரும்பியிருந்தது. உண்மையைச் சொல்லும் தைரியம்தான் திரும்பவில்லை.

டிரைவர் நிறுத்தத்தில் நிற்காமல், மாமனார் வீட்டுத் தெருமுனை வரைக்குமே பஸ்ஸைக் கொண்டுபோனார். சுபைதா வாசலில் முறத்தோடு நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே இறங்கும் மாமியாரையும், இரண்டு பேர் தோளில் தொங்கும் என்னையும் கண்டதும் முறம் விழுந்தது. சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

எனக்கு உண்மையான பயம் வந்தது அப்போதுதான். ஆறு மைலில் வராத வேகம் அந்தப் பத்தடியில் வந்தது.

“ஒண்ணுமில்ல சுபைதா. யாருக்கும் ஒண்ணுமில்ல. எனக்கு இன்னிக்கு முப்பது வயசு. அதான் ஓடிவந்தேன்.”

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இன்னிக்குப் பொறந்தநாள்னு எவன் சொன்னான்?”

“சர்ட்டிபிகேட்ல இருக்கேம்மா.”

“அது வாத்தியாரு போட்ட தேதி. எல்லாப் புள்ளைக்கும் அதான் போட்டாரு. நீ பொறந்தது அடைமழையில. வயசும் ரெண்டு கொறச்சுதான் எழுதனோம். உனக்கு முப்பத்திரண்டு ஆவப்போவுது.”

முதலில் சிரித்தது சுபைதாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே நிறுத்த முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் என் நெஞ்சு அடங்கியது. கண்டக்டர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, “அடுத்த தபா சொல்ட்டு ஓடு பாய்” என்று விசில் அடித்தார்.

மூன்று வாரம் கழித்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். தேதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் நர்ஸைக் கேட்டு நானே எழுதிவைத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் ஜூன் முதல் தேதி விடிந்தால் சுபைதா முதல் வேலையாக வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். பேரப்பிள்ளைகள் ஏனென்று கேட்டால், “உங்க தாத்தாவுக்கு இன்னிக்குப் பொறந்தநாள் இல்ல. ஓடிடுவாரு” என்கிறாள்.