யந்திரச் சித்தரின் தீர்த்தம்

வெள்ளிக்கிழமை வந்தால் ஆரணியில் பாதித் தறி நின்றுவிடும். கரண்ட் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். யந்திரச் சித்தர் வருகிறார்!

தனக்கோடி பட்டு மாளிகையின் வாசலில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஓடாத கடிகாரத்தோடு ஒருவர், பாடாத ரேடியோவோடு ஒருவர், பேசாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய். எதிரே எலுமிச்சம்பழம் விற்கிறவனுக்குக் கொண்டாட்டம். "கம்ப்யூட்டருக்கே உசுரு குடுத்த சாமி, நம்ம கைக்கடியாரத்துக்குக் குடுக்க மாட்டாரா?" என்று ஒருவர் கேட்பார். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். கடிகாரத்தைக் கடிகாரக் கடைக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாரும் கெட்டுப்போகவில்லை.

இத்தனைக்கும் மூலகாரணம் மேனேஜர் ஜெகநாதன். பி.காம். படித்தவர். பட்டின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார், ஆனால் ஒரு பேச்சின் எடையைப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை. சித்தரை வேலூரிலிருந்து கூட்டி வந்தவர் தாம்தான் என்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. கூட்டத்தை ஒழுங்குபடுத்தும்போது, குடமுழுக்கு நடத்துகிற தர்மகர்த்தா மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

கதை தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில். மெட்ராஸில் ஒரு கம்பெனி, மேஜைமேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டதால், தன் பழைய மெயின்ஃபிரேமை ஏலத்தில் தள்ளிவிட்டது. மெயின்ஃபிரேம் என்றால் பெரிய கம்ப்யூட்டர். பீரோ பீரோவாக ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். எதிர்க்கடைக்காரர் ஃபேக்ஸ் மெஷின் வாங்கிவிட்ட வயிற்றெரிச்சலில் இருந்த முதலாளி தனக்கோடி, அதை ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எந்த நெசவாளிக்கு எவ்வளவு பாவு நூல் போயிருக்கிறது, எந்தச் சேலை எங்கே நிற்கிறது, யாருக்கு என்ன கூலி, எல்லாம் அதற்குள் போனது. விவரமெல்லாம் பெரிய பெரிய டேப் சுருள்களில் இருக்கும். அந்த டேப்பைச் சுற்றிப் படிப்பதற்கென்றே இரண்டு பீரோக்கள். அவை படித்தால்தான் சனிக்கிழமை கூலிச்சீட்டு அச்சாகும்.

நிறுவிவிட்டுப் போன இன்ஜினியர் மூன்றே விஷயம் சொன்னார். அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தூசிதான் எதிரி, அதனால் செருப்பை வெளியே விட வேண்டும். டேப் உரசிக்கொண்டு போகிற தலைப்பகுதியைத் தினமும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும்.

ஜெகநாதன் காதில் விழுந்தது நடுவில் உள்ளது மட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற இடம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதல் வாரம் பீரோக்களுக்குச் சந்தனம், குங்குமம். அடுத்த வாரம் மாலை. அதற்கடுத்து வெள்ளிதோறும் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே கண் தெரியாத அளவுக்குச் சாம்பிராணி. பார்க்க வந்தவர்களுக்கு ஏ.சி. குளிரில் மயிர்க்கூச்செறிந்தது. அருள் இறங்கிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டரை இயக்குகிற வேலை அமலாவுடையது. களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் காத்தவராயனின் மகள். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள்தான். அவள் சம்பளத்தை நம்பித்தான் அவள் தம்பி காலேஜில் சேர்ந்திருந்தான். இன்டர்வியூவில் அவளைத் தேர்ந்தெடுத்தவரும் ஜெகநாதன்தான். அவள் நல்ல வேலைக்காரி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாய்தான் கொஞ்சம் அதிகம் என்பதும் தெரியும்.

ஒருநாள் அவள் டேப்பின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஸ்பிரிட் நெடி ஜெகநாதன் மூக்கில் ஏறியது.

"இன்னா அமலா இது? சாமி இருக்கிற ரூம்ல சாராய வாடை அடிக்குது!"

"சார், இது ஸ்பிரிட்டு. இன்ஜினியர் சொன்னது."

"எவன் சொன்னா இன்னா? முதல்ல அத்தத் தூக்கி வெளிய போடு."

பாட்டில் குப்பைக்குப் போனது. சாம்பிராணி மட்டும் தடையில்லாமல் நடந்தது. சில வாரத்தில் டேப்புகள் திக்கின. பிறகு அடியோடு நின்றன. படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் திரை இங்கிலீஷில் கதறியது.

"அந்தப் பொகதான் சார் உள்ள போயி அடைக்குது," என்றாள் அமலா.

"சாம்பிராணி போட்டா கிருமியே செத்துப்போவும். அதுல மெஷினு கெட்டுப்போவுமா? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

மெட்ராஸ் இன்ஜினியரைக் கூப்பிடலாம் என்றாலே செலவை நினைத்து முதலாளிக்குக் காய்ச்சல் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் ஜெகநாதன் வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்து இலைக்காரர், எந்த மெஷினையும் தொட்டே குணமாக்கும் ஒரு மகானைப் பற்றிச் சொன்னார். பாயசம் வருவதற்குள் ஜெகநாதன் நம்பிவிட்டார்.

வந்தார் யந்திரச் சித்தர். சடை, உருத்திராட்சம், தோளில் ஒரு காவிப் பை, கையில் பித்தளைக் கமண்டலம். அதில் இருப்பது கமண்டல நாகநதி பிறக்கிற இடத்திலிருந்து எடுத்த தீர்த்தமாம். அந்த ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும், தாம் தொட்டால் எந்தத் தண்ணீரும் தீர்த்தம்தான் என்று சித்தர் சொன்னதும் கைகூப்பி நின்றார்கள்.

எல்லாரையும் வெளியே அனுப்பினார். கண்ணாடிக்குத் திரை போட்டார். உள்ளேயிருந்து மந்திரம் அதிர்ந்தது. திரை விலகியபோது டேப் சுருள்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஜெகநாதன் அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"யந்திரத்துக்குப் பசி, குழந்தாய். சாம்பிராணிதான் அதற்கு ஆகாரம். இன்னும் தாராளமாகப் போடு. அடுத்த வெள்ளி வருகிறேன்," என்றார் சித்தர்.

இன்னும் தாராளமாகப் போட்டார்கள். இன்னும் சீக்கிரமாகக் கெட்டது. இன்னும் தவறாமல் சித்தர் வந்தார். வாரா வாரம் கெட்டுப்போகிற மெஷினை வாரா வாரம் குணமாக்குகிறவர் எப்படிப்பட்ட வைத்தியர் என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

ஒருத்தி மட்டும் கேட்டாள், வேறு விதமாக. "நானும் உள்ள இருக்கேனுங்க சாமி. நீங்க இன்னா பண்றீங்கன்னு பாத்துக் கத்துக்கினா, உங்களுக்கும் அலைச்சல் இல்ல பாருங்க," என்றாள் அமலா.

சித்தர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர்?"

"களம்பூருங்க."

"களம்பூரில் எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஜெகநாதனுக்கும் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் சித்தரின் திருவாய் மலர்ந்தது. இந்த அறையில் ஆகாத கை ஒன்று இருக்கிறதாம். அந்தக் கை பட்டுத்தான் யந்திரம் படுக்கிறதாம். அது வெளியேறாமல் தாம் இனிமேல் இந்த வாசலை மிதிக்கப்போவதில்லையாம்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு டேப் பீரோக்களும் ஒன்றாகப் படுத்துவிட்டன. வாசலுக்கு வெளியிலேயே சித்தர் நின்றுவிட்டார், அவரைச் சுற்றிக் கடிகாரக் கூட்டம். கூலிச்சீட்டு வருமா வராதா என்று நெசவாளிகள் வேறு. முதலாளி தனக்கோடி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஜெகநாதா, அந்தப் பொண்ண அனுப்பிடு. ஜல்தி," என்றார்.

ஜெகநாதன் அமலாவிடம் வந்தார். தொண்டையைச் செருமினார். "சாவியக் குடுத்துடும்மா. மனசுல ஒண்ணும் வச்சிக்காதே. உன்னோட நல்லதுக்குத்தான்."

"வேலைய புடுங்கறது என் நல்லதுக்கா சார்?" என்றாள் அமலா. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. அவள் இறுக மூடி வைத்திருந்த சின்ன டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் தெரிய நீட்டினாள். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு பஞ்சுருண்டை. "போன வாரம் சாமி போனதுக்கப்புறம் பீரோவுக்கு அடியில கெடந்துச்சு. மந்திரத்துக்குப் பஞ்சு எதுக்கு? மோந்து பாருங்க மொதலாளி."

தனக்கோடி முகர்ந்தார். "பச்சைக் கற்பூர வாசனதான் வருது."

"அதுக்கும் அடியில?"

அவர் மறுபடி முகர்ந்து, சாராய நெடியில் முகத்தைச் சுளித்தார்.

அமலா வாசலுக்கு வந்து, சித்தர் தடுப்பதற்குள் கமண்டலத்திலிருந்து ஒரு உத்தரணி தீர்த்தத்தைப் பூஜைத் தாம்பாளத்தில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். தாம்பாளத்தில் நீலமாகத் தீ எழுந்தது. தண்ணீர் எங்கேயாவது எரியுமா? கூட்டத்துக்குப் புரிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"ஜோதி! தீர்த்தமே ஜோதியாயிடுச்சு!" என்று ஒரு குரல். பொத்துப் பொத்தென்று ஜனம் காலில் விழுந்தது. முதல் வரிசையில் ஜெகநாதன். பேசாத பிள்ளை மட்டும் தாம்பாளத்தைப் பார்த்துச் சிரித்தது. சித்தர் அந்த நிமிஷமே சுதாரித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் ஆசீர்வாதம் செய்தார்.

அமலா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள். "ரெண்டு டேப்பு படுத்துக் கெடக்குது. ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு எனக்கு. சாமி தொட்டா எந்தத் தண்ணியும் தீர்த்தமாயிடும்னு அவரே சொல்லிகினு இருக்காரு. நம்ம தெருக்குழாத் தண்ணியில மந்திரம் போடட்டும். கமண்டலத்துல இருக்கிறத எனக்குக் குடுங்க. நான் மந்திரமே சொல்லல. என்னுது ஓடலன்னா, நானே சாவிய வச்சிட்டுப் போறேன்."

"தெய்வத்தைச் சோதிப்பதா!" என்றார் சித்தர்.

"எனக்குச் சீட்டு வேணும் சாமி. நெசவாளிங்க நாளைக்கு வந்து நிப்பாங்க. எது ஓடினா இன்னா? திரையும் வேணாம், எல்லாரும் பாக்கட்டும்," என்றார் தனக்கோடி. வியாபாரி வியாபாரிதான்.

குழாய்த் தண்ணீர் வந்தது. சித்தர் வேறு வழியில்லாமல் உள்ளே போனார். மந்திரம் முழங்கியது. இதற்கு முன் கேட்காத அளவுக்குச் சத்தம். தண்ணீரைத் தெளித்தார். டேப் நனைந்து ஒட்டிக்கொண்டது. ஓர் இழுப்பு இழுத்துவிட்டு நின்றது. படிக்க முடியவில்லை என்றது திரை.

அமலா முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்தாள். தீர்த்தத்தில் நனைத்தாள். மற்றொரு பீரோவைத் திறந்து, தலைப்பகுதியை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுத்தது.

"மந்திரம் சொல்லும்மா! மந்திரமில்லாம எப்படி?" என்று வெளியிலிருந்து யாரோ பதறினார்கள்.

"சொல்றேன். ஆரணி, களம்பூர், போளூர், கலசப்பாக்கம், திருவண்ணாமலே! ஏறு, ஏறு, ரைட்!"

பொத்தானை அழுத்தினாள். டேப் சுழன்றது. திரை வாயை மூடிக்கொண்டது. பிரிண்டர் கடகடவென்று கூலிச்சீட்டைத் துப்பத் தொடங்கியது.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த உண்ணாமலை என்ற நெசவுக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏம்மா, எங்க ஊட்டு வீடியோ டெக்குல படம் மழை பெய்யிற மாதிரி வந்தா, எங்க ஊட்டுக்காரரு பஞ்ச வச்சி ஹெட்டு தொடைப்பாரே, அதானே இது?"

"அதேதான் அக்கா."

"அடப் பாவி! அதுக்கா நான் வாரா வாரம் தறிய நிறுத்திட்டு வந்து நின்னேன்?"

எல்லார் தலையும் சித்தர் பக்கம் திரும்பியது. அவர் வாசலை நோக்கி நழுவ, யாரோ காவிப் பையைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்பிரிட் பாட்டில், பஞ்சுப் பொட்டலம், ஸ்க்ரூ டிரைவர், கடைசியாக 'இராஜமாணிக்கம் வீடியோ லைப்ரரி' என்று அச்சடித்த கேசட் உறை ஒன்று, எல்லாம் தரையில் கொட்டின.

"அடிக்காதீங்கய்யா!" சித்தர் வாயிலிருந்து சமஸ்கிருதம் போய் வேலூர் வந்தது. "கேபிள் டி.வி. வந்துச்சு, கேசட்ட எவனும் சீண்டல. எனக்குத் தெரிஞ்சது ஹெட்டு தொடைக்கிற வேலை ஒண்ணுதான். தொடைக்கிறேன்னு சொன்னா டீக் காசு குடுத்தீங்க. மந்திரம்னு சொன்னா கால்ல உழுந்தீங்க. நான் இன்னாய்யா பண்றது?"

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். சற்று முன்புவரை காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் இப்போது சடையைப் பிடித்தார்கள். அது கையோடு வந்துவிட்டது.

"உடுங்க. இவர அடிச்சி இன்னா? அடுத்த வாரம் இன்னொருத்தரக் கூட்டியாருவீங்க," என்றாள் அமலா. இராஜமாணிக்கம் பையைக் கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடினார்.

முதலாளி சாவியைப் பற்றி அதற்குப் பிறகு மூச்சுக்கூட விடவில்லை. சாவி அமலாவிடமே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை. அமலா அறைக்குள் டேப்பின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. கையில் தட்டு, அதில் தேங்காய், பழம், மாலை, கற்பூரம். பின்னால் ஓடாத கடிகாரங்களோடு அதே கூட்டம். ஜெகநாதன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, முதுகை வளைத்து, வாயைப் பொத்தியபடி வந்தார்.

"இன்னா சார் இது?"

"ஜனங்க வந்துகினே இருக்காங்கம்மா. உன் கையிலதான் அம்மா இருக்கறாளாம். மந்திரமே இல்லாம ஓட்டிட்டியே. அந்தக் கடியாரத்த எல்லாம் ஒரு தபா தொட்டுக் குடுத்துடு தாயி."

போன வெள்ளிவரை ஆகாத கை. இந்த வெள்ளி அம்மன் கை. அமலா கையிலிருந்த கறுத்த பஞ்சையே வெறித்துப் பார்த்தாள். பிறகு அவர் ஏற்றப்போன கற்பூரத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"சார், இன்ஜினியர் வாசல்ல உடச் சொன்னது செருப்ப மட்டும். நீங்க எல்லாரும் எதுக்கு சார் மூளையையும் சேத்துக் கழட்டி வச்சிட்டு வரீங்க? போறப்ப செருப்ப மட்டும் மாட்டிகினு போவாதீங்க."