கிச்சிலிக்குத் தோள் உண்டா?

உலகத்தில் உள்ள எழுத்தெல்லாம் தன்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் வெளியே போயிருக்க வேண்டும் என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் கிச்சிலி மாமாதான். பிரம்மா நம் தலையில் எழுதுவதைக்கூட அச்சுக்குப் போகுமுன் இவரிடம் கொடுத்திருந்தால், இரண்டு ஒற்றும் ஒரு காற்புள்ளியும் சேர்த்துக் கொடுத்திருப்பார். நம் வாழ்க்கையும் கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தியாகராய நகரில், பனகல் பார்க்குக்கு நடந்து போகிற தூரத்தில், ஐந்து குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோர் வீட்டில் நாங்கள் இருந்தோம். முன்போர்ஷனில் நாங்கள், அடுத்த போர்ஷனில் மாமாவும் மாமியும். மாமா ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் ரீடர். முப்பது வருஷ சர்வீஸில் தன் கண்ணைத் தாண்டி ஒரு பிழைகூட அச்சேறியதில்லை என்பது அவருடைய பெருமை. அதைத் தினம் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு ஜீரணமாகாது.

ஆபீஸில் திருத்தியது போதாமல் தெருவிலும் திருத்துவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களை உட்காரவைத்துச் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். ஒருநாள் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரில் விட்டுப்போன ஒரு 'க்'கைச் சாக்பீஸால் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டின ஆள் பசை வாளியோடு ஓடி வந்தான்.

"இன்னா நைனா, கிறுக்கிகினு கீறே? நீ இன்னா டைரக்டரா?"

"டைரக்டருக்கு 'க்' போடத் தெரியலையேப்பா. அதான் நான் போடறேன்."

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. எழுதியவர் கொடுத்த கையெழுத்துப் பிரதிக்கு அச்சகத்தில் 'காப்பி' என்று பெயர். அந்தக் காப்பியில் கைவைக்கவே மாட்டார். திருத்தமெல்லாம் புரூஃபில்தான். "காப்பி எழுதினவாளோட சொத்து. அதைத் தொட நான் யாரு?" என்பார். மாமி உடனே சமையலறையிலிருந்து, "அதான் டம்ளரைக்கூட அலம்பி வைக்கறதில்லையாக்கும்" என்று குரல் கொடுப்பாள்.

எழுத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதையால் மாமி பட்டபாடு கொஞ்சமல்ல. மாமி அவசரத்துக்கு 'துவரம்பருப்பு' என்று எழுதிய டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்திருந்தாள். மாமா சத்தம் போடாமல் எல்லா டப்பாக்களையும் கவிழ்த்து, வெளியே எழுதியிருப்பது எதுவோ அதையே உள்ளே நிரப்பி வைத்துவிட்டார். அன்றைக்கு மாமி கைப்பழக்கத்தில் பாயசத்தில் நாலு கை துவரம்பருப்பைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மாமா சமையலறைப் படியைத் தாண்டக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

இனி என் கதை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பதினைந்து வயதுவரை பம்பாயில் வளர்ந்தவள். அங்கே மேல்மாடியில் இருந்த ஒரு கோவாக்கார ஆன்ட்டி எனக்கு இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்தாள். ஒன்று மஃபின் என்கிற குட்டிக் கேக், இன்னொன்று அதை முட்டை இல்லாமல் தயிரும் சமையல் சோடாவும் போட்டுச் செய்கிற வித்தை. அவள் கற்றுக்கொடுக்காதது தமிழ். ல எங்கே வரும், ள எங்கே வரும் என்பதை நான் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி முடிவு செய்வேன்.

தை மாதத்தில் பாண்டி பஜார் முழுக்கக் கிச்சிலிப் பழம் குவிந்து கிடந்தது. ஆரஞ்சு என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். அதன் தோலைத் துருவிப் போட்டு, சுளையை உதிர்த்துச் சேர்த்து, கரி போட்ட குமுட்டி அடுப்பில் மஃபின் செய்து ஸ்டோர் முழுவதும் கொடுத்தேன். மாமி தின்றுவிட்டு, "மப்பினோ தப்பினோ, இதை எழுதி மாமாவோட பத்திரிகைக்கு அனுப்புடி" என்றாள். அனுப்பினேன். ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. இது அச்சில் நன்றாக வந்தால் வாராவாரம் சமையல் பக்கத்தை என்னையே எழுதச் சொல்லப் போவதாக மாமாவிடம் சொல்லியனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கம்பெனியில் டைப்படித்து டைப்படித்து விரல் தேய்ந்துகொண்டிருந்தவளுக்கு வாராவாரம் பெயர் அச்சில் வருமென்றால் சும்மாவா?

அந்தப் பக்கத்தின் புரூஃப் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று ஒரு தட்டு நிறைய மஃபின் சுடச்சுடக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். இடது கையில் சிவப்புப் பென்சில், வலது கையில் மஃபின். நாலு தின்றார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவருடைய கண் லீவு எடுத்துக்கொண்டது.

பத்திரிகை வந்தது. தேவையான பொருள்கள் பட்டியலில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'கிச்சிலித் தோள் துருவியது ஒரு தேக்கரண்டி.'

தோல் இல்லை, தோள்!

வாசகர்கள் விடுவார்களா? பத்திரிகை ஆபீஸில் தபால்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டினார். 'கிச்சிலிக்குத் தோள் இருந்தால் அதில் துண்டு போடலாமா?' என்று மயிலாப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். 'தோள் உள்ள கிச்சிலி கேட்டுப் போன என் வீட்டுக்காரர் கடைக்காரனிடம் அடி வாங்காமல் திரும்பியது தெய்வாதீனம்' என்று அடையாற்றிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தாள்.

பத்திரிகை வந்த அன்றே நான் அதைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடியிருந்தேன். மாமா அந்த வரியை ஐந்து நிமிஷம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "தோள்தான். இதுல என்ன தப்பு?" என்றார்.

"பழத்துக்கு ஏது மாமா தோள்?"

"மாம்பழத்துக்கு மூக்கு இருக்கோன்னோ? தேங்காய்க்கு மூணு கண்ணு. ஊசிக்குக் காது. பானைக்குக் கழுத்து. நாற்காலிக்கு நாலு கால், ரெண்டு கை. இத்தனைக்கும் சம்மதிச்ச உனக்குக் கிச்சிலிக்கு ஒரு தோள்னா மட்டும் கசக்கறதா?"

காம்பைச் சுற்றிக் கழுத்து, கழுத்திலிருந்து சரிகிற மேல்பாகம் தோள் என்று ஒரு பழத்தை எடுத்துப் பாடமே நடத்திவிட்டார். இதையே ஆசிரியரிடமும் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சிரிக்கவில்லை. "நீர் புரூஃப் ரீடர்தானே ஓய்? திங்கட்கிழமை புரூஃபோட வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

புரூஃப் என்றால் அத்தாட்சிதானே, மாமாவுக்கு அது போதும். தோளைத் துருவியே மஃபின் செய்து ஆசிரியர் மேஜையில் வைப்பது என்று முடிவு செய்தார். என்னைக் கூட்டிக்கொண்டு பனகல் பார்க் பக்கம் பழக்காரம்மாவிடம் போனார். ஒவ்வொரு பழமாக எடுத்து உருட்டிப் பார்த்துக் கீழே வைத்தார். அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னா சாமி, பொண்ணா பாக்குறே? எத்தினி நேரம் உருட்டிகினு கீறே?"

"நல்லா அகலமாத் தோள் இருக்கற பழமாப் பார்க்கறேன்மா."

"தோளா? குஸ்திக்கா சாமி இட்டுனு போறே?"

தோளில் மட்டும் துருவினால் ஒரு பழத்துக்கு ஒரு சிட்டிகைதான் வரும். அதனால் மூன்று டஜன் வாங்கினார். துருவி முடித்ததும் பழங்களை ஸ்டோர் முழுக்க விநியோகம் செய்தார். அந்த வாரம் எங்கள் ஐந்து குடித்தனத்திலும் தோள்பட்டை வழித்த கிச்சிலிதான். கிச்சிலி மாமா என்ற பெயர் அவருக்கு அன்றுதான் விழுந்தது.

சமையலறைக்குத் தடை இருந்ததால் கொல்லையில் குமுட்டியை வைத்தோம். வாயகன்ற பித்தளைத் தவலைக்குள் மணலைப் பரப்பி, நெய் தடவிய எவர்சில்வர் கிண்ணங்களில் மாவை ஊற்றி உள்ளே வைத்து மூடி, மூடிமேலும் தணலைப் போட வேண்டும். நான் செய்தால் முக்கால் மணி நேர வேலை. மாமா செய்ததால் மத்தியானம் முழுக்க ஓடியது. பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, முடித்த வரிக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டார். 'ஒரு சிட்டிகை உப்பு' என்ற இடத்தில் வேலை நின்றது.

"யாரோட சிட்டிகைன்னு போடலையே?"

"என்னோடதுதான் மாமா."

"அப்போ நீயே போடு. ஆசிரியர் கேட்டா எழுதினவா சிட்டிகைதான்னு சொல்லலாம்."

'பொன்னிறமாக வரும்வரை' என்று எழுதியிருந்தேன். மாமா எழுந்துபோய் மாமியின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்து வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பட்டப்பகலில் தன் கையைப் பிடித்ததில்லை என்று மாமிக்கு ஒரே வெட்கம். அவரோ தவலையைத் திறந்து, மாமியின் கைவளையலை மஃபினுக்குப் பக்கத்தில் பிடித்து நிறம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகணும்."

"ஏன், இருபத்திரண்டு காரட்டா வரணுமா?" என்று மாமி கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மஃபின் அபாரமாக வந்திருந்தது. அடித்தோல் வெள்ளை ஒரு துளிகூடச் சேராததால் கசப்பே இல்லை. பிளந்தால் குப்பென்று மணம். நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடவே போனேன். ஆசிரியர் அறைக்கு அரைக்கதவுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவதெல்லாம் கேட்கும். முதலில் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று மஃபின் உள்ளே போயின.

"பிரமாதம் ஓய்," என்றார் ஆசிரியர். "பிரமாதமா இருந்தா தோள் தோலாயிடுமா? பிழை பிழைதான். யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அந்தப் பொண்ணோட காப்பியை எடுத்துண்டு வாரும். தோலுக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியாதவா கையில சமையல் பக்கத்தைக் குடுக்கறதுக்கில்லை."

பம்பாய்த் தமிழில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கா தெரியாது? பிழை நிச்சயம் என்னுடையதுதான். மாமா வெளியே வந்தார். என்னைத் தாண்டி அச்சுக்கூடத்துக்குப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு காகிதத்தை ஃபூ ஃபூவென்று ஊதிக்கொண்டே திரும்பி வந்து உள்ளே போனார்.

"இந்தாங்கோ காப்பி. அவ தோல்னுதான் எழுதியிருக்கா. கம்பாசிட்டர் அச்செழுத்தை மாத்திக் கோத்திருக்கான். நான் பார்க்காம விட்டுட்டேன். பிழை என்னோடது."

முப்பது வருஷப் பெருமையை மனிதர் ஒரே மூச்சில் மேஜைமேல் வைத்துவிட்டார்.

அடுத்த இதழில் பிழை திருத்தம் வந்தது. அதை மாமாவே எழுதி, மாமாவே புரூஃப் பார்த்தார். 'தோள் என்பதைத் தோல் என்று திருத்திப் படிக்கவும். பிழை மெய்ப்புத் திருத்துபவருடையது.' அதற்குப் பக்கத்திலேயே என் பெயரோடு சமையல் பக்கம் வருகிற அறிவிப்பும் இருந்தது. நான் எவ்வளவு அசடு பாருங்கள், ஒருவேளை சரியாகத்தான் எழுதிவிட்டோமோ என்று ஒரு வாரம் மிதப்பில் திரிந்தேன்.

இரண்டாவது கட்டுரையைக் கொடுக்கப் போனபோது அச்சுக்கூடத்து வயசான கம்பாசிட்டர் என்னைக் கூப்பிட்டார். கையில் என்னுடைய பழைய காப்பி.

"இத்தப் பாரும்மா. நான் தப்பா கோக்கல. நீ எய்தினதத்தான் கோத்தேன். ஐயரு வந்து பிளேடால சொரண்டிட்டாரு. பேப்பரே ஓட்டையாப் பூட்ச்சி."

"அப்புறம் ஏன் ஆசிரியர்கிட்டச் சொல்லலை?"

"'உன் பேரைச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னு கையப் புடிச்சிகினாரும்மா. அந்தாளு கெஞ்சி நான் பாத்ததே இல்ல. இன்னான்னு சொல்லச் சொல்றே?"

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்னுடைய ள் இருந்த இடம் சல்லடையாகத் தேய்ந்திருந்தது. அதன்மேல், கையெழுத்து தெரியக்கூடாதென்று நடுங்கி நடுங்கி எழுதிய ஒரு ல். யார் காப்பியிலும் ஒரு புள்ளிகூட வைக்காத மனிதர் எழுதியது.

நேரே மாமா வீட்டுக்குப் போய் நின்றேன். அழுதுகொண்டே காப்பியை நீட்டினேன். அவர் பஞ்சாங்கத்தில் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த காப்பியைப் பார்த்தார்.

"நான் யார் காப்பியையும் தொடமாட்டேன்னு ஊருக்கே தெரியும். வீணா எதையாவது கற்பனை பண்ணிக்காதே. உள்ளே மாமி காப்பி போட்டிருக்கா, போய் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தில் குனிந்துகொண்டார்.

நானும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்க் காப்பி சாப்பிட்டேன். அந்தப் பக்கத்தைப் பல வருஷம் எழுதினேன். அந்த ஒரு பிழையை வைத்து மாமாவை அவர் ரிடையர் ஆகும்வரை கேலி செய்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே இப்போது அச்சில் சொல்கிறேன்: அந்தத் தோள் என்னுடையது மாமா. உங்களைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். உங்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.