பழனியப்பனுக்கு ஒரு நல்ல டார்ச்லைட்

"இது சின்ன பேட்டரி மூணு போடறது, எங்கயும் கெடைக்கும். இது சார்ஜ் போடறது, வெளிச்சம் அஞ்சு மோட். இது வெல கூடத்தான், ஆனா அடிச்சா பகல் மாதிரி இருக்கும்லா!" என்று மூன்று டார்ச்லைட்டுகளையும் கண்ணாடி மேசையில் படுக்க வைத்தார் ஜெலுத்தோங் கடைக்காரர் பஷீர்.

லோகேஸ்வரி மூன்றையும் முறைத்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். கோபத்திலும் அவள்தான் முதல். வேலை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வருவது அப்பா பழனியப்பனின் சம்பளம் ஒன்றுதான். பிறை தொழிற்பேட்டையில் ஓர் ஏர்கான் கிடங்கில் அவருக்கு இரவுக் காவல், ஜாகா வேலை. அங்கே மாதம் தவறாமல் பெட்டிகள் காணாமல் போயின. முதலாளிக்கு நஷ்டஈடு கொடுக்குமுன் இன்சூரன்ஸ்காரர் வந்து கேட்பார். அப்பாவும் மாறாமல் ஒரே பதிலைச் சொல்வார்.

"லோரி சத்தம் கேட்டுச்சு சார். லைட்டு அடிச்சேன். ஒண்ணும் தெரியல."

எப்படித் தெரியும்? வேலைக்குச் சேரும்போது கொண்டுபோன அதே பழைய டார்ச். அது எரிகிறதா என்று பார்க்கவே இன்னொரு டார்ச் வேண்டும்.

"முதலாளி நல்ல மனுஷன்மா. இதுவரைக்கும் ஒரு வார்த்த ஏசல."

"இன்னிக்கு ஏசல. நாளைக்கு நீங்கதான் கள்ளன்னு சொல்லி வெளிய தள்ளுவாரு. நீங்க பேசாம இருங்கப்பா."

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த சில்லறையில் மலிவானதை வாங்கிக் கொடுத்தாள். புதுப் பொருள் கையில் வந்த சந்தோஷத்தில் அப்பா மூலை முடுக்கெல்லாம் அடித்துப் பார்த்தார். லோரி வந்தபோது பேட்டரி செத்துக் கிடந்தது.

அடுத்து அஞ்சு மோட். அத்தனைக்கும் ஒரே பொத்தான். லோரியைக் கண்ட பதற்றத்தில் அப்பா அமுக்கிய அமுக்கில் கடைசி மோட் வந்து, கல்யாண மண்டபம்போல வெளிச்சம் படபடவென்று மின்னியது. அந்தப் பக்கம் நடந்து வந்த சூப்பர்வைசர் சுகுமாரன் கண் கூசி லோங்காங் சாக்கடையில் விழுந்தார்.

"அந்நேரத்துல அவருக்கு அங்க என்ன வேல?"

"நான் முழிச்சிருக்கேனான்னு பாக்க வந்தாராம். பாவம், கால் சுளுக்கிருச்சு. 'பழைய லைட்டே போதும்ணே'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

"பாத்தீங்களா? நக்கல்! உங்கள ஒண்ணுக்கும் லாயக்கில்லன்னு முடிவே பண்ணிட்டாங்க."

விறுவிறுவென்று மறுபடி கடைக்குப் போய் விலை கூடியதைக் கேட்டாள்.

"தங்கச்சி, அது காட்டுக்குள்ள போறவங்க வாங்கறது," என்றார் பஷீர்.

"எங்கப்பா வேல அதவிட மோசமான எடத்துல இருக்கு. எடுங்க. ஸ்பேர் பேட்டரியும் வேணும்."

ஒரு தட்டு தட்டினால் முதலிலேயே முழு வெளிச்சம். ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கும் தடிப் பேட்டரி. அப்பாவை வீட்டு வரவேற்பறையில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டே அமுக்கிப் பழக வைத்தாள்.

அந்த வாரமே லோரி வந்தது. பழனியப்பன் அடித்தார். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. காலையில் இன்சூரன்ஸ்காரரிடம் ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தார்.

லோகேஸ்வரி ஆட்டுக்கறி வாங்கி வந்தாள். "இனிமே உங்கள யாரும் அசைக்க முடியாதுப்பா."

கறி வேகும் நேரத்தில் சுகுமாரன் நொண்டிக்கொண்டே படியேறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அண்ணே, நாளையிலேருந்து வர வேணாம். முதலாளி சொல்லச் சொன்னாரு."

பழனியப்பன் புது டார்ச்சைத் துடைத்தார். லோகேஸ்வரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"லோரி நம்பர் வரைக்கும் படிச்சுச் சொன்ன மனுஷன வேணாங்கறீங்களா? இவரவிட நல்ல ஜாகாவ எங்க போய்ப் புடிப்பீங்க?"

சுகுமாரன் வாசலில் குனிந்து, வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைத்தபடியே சொன்னார்:

"தங்கச்சி, இன்டர்வியூவுல அந்தப் பழைய டார்ச்ச அடிச்சுக் காட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான் முதலாளி ஒங்கப்பாவுக்கு வேலையே குடுத்தாரு."