ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் வரும் கோளாறு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வாயை அடைத்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். அடைக்க வேண்டியது உண்மையில் என் மச்சானின் வாயைத்தான். ஆனால் அது மனிதனால் ஆகிற காரியம் இல்லை. கம்ப்யூட்டர் அப்படியில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. டயர் கிடங்கில் எந்த டயர் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று கம்ப்யூட்டரில் பதிவது என் வேலை. அதனால் எங்கள் வீட்டில் நான்தான் கம்ப்யூட்டர் நிபுணன். இதைச் சொன்னவன் நான்தான் என்றாலும், இதுவரை யாரும் மறுத்ததில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, சோதனை ஓயவில்லை. ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு வீடியோவில் வருவார், பன்னிரண்டுக்குப் போவார். நடுவில் அவர் பேசுவார். குடும்பத்தின் ஏழு வீடுகளும் திரையில் ஏழு கட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டும். சத்தமில்லாமல் எழுந்து நழுவலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "என்ன மாப்ள, நான் சொல்றது சரிதானே?" என்று என்னைத் தனியாகத் தூக்கி நிறுத்துப் பார்ப்பார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் என்ன கோட்டையைப் பிடிக்கப் போகிறேன் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வீட்டில் ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை கேரம். டாக்டர், அவர் தம்பி, எதிர்வீட்டுத் தையல்காரர், நாலாவது ஆள் நான். மச்சான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் நாற்காலி காலி. ஆறு நாளும் டயரையே பார்க்கிற எனக்கு உலகத்தில் பிடித்த ஒரே காரியம் அதுதான். அந்த வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"சார், மூணு பேரா ஆடினா ஜோடி சேர மாட்டேங்குது. இந்த மாசத்துக்குள்ள நீங்க வரலைன்னா வேற ஆள் பாத்துடுவோம். கோவிச்சுக்காதீங்க."

மாசத்தில் நாலு ஞாயிறுதான் மிச்சம்.

முதல் ஞாயிறு ஒன்பதரைக்கு மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வீடியோ பேசும் செயலியில் எந்த மைக் என்று கேட்கும் ஓர் இடம் உண்டு. இருக்கிற மைக்கை விட்டுவிட்டு, பெட்டியின் பின்னால் எதுவுமே செருகாமல் சும்மா கிடக்கும் துளையைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் பேசுவது இனி அவருக்குக் கேட்காது. கேட்காவிட்டால் சலித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு மச்சான் வந்தார். "கேக்கலை! உங்க சத்தம் வரலை!" என்றார். பிறகு ஒரு நிமிஷம் யோசித்தார். "பரவாயில்லை, நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதில்ல? அது போதும்" என்று ஆரம்பித்தார். அன்று குறுக்கே பேச எங்களால் முடியாததால் பன்னிரண்டே முக்கால் வரை பேசினார். முடிக்கும்போது, "மாப்ள இன்னைக்குத்தான் நான் சொன்னதை மறுக்காம கேட்டாரு" என்று பாராட்டும் கொடுத்தார்.

இரண்டாவது ஞாயிறு தவற்றைத் திருத்திக்கொண்டேன். சத்தம் வரும் வழியை ஸ்பீக்கரிலிருந்து திரைக்கு மாற்றிவிட்டேன். எங்கள் திரையில் ஸ்பீக்கரே கிடையாது. மச்சான் வாயை அசைத்தார், ஒன்றும் வரவில்லை. மனைவி காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். அப்பாடா என்று எழுந்தேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க. அண்ணன் ஏதோ காட்டுறாரு பாருங்க."

மச்சான் ஒரு அட்டையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்திருந்தார். முப்பது வருஷம் தராசில் ஒட்டும் சீட்டு எழுதிய கை. ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. "என்ன மாப்ள, நலமா?" என்று எழுதியிருந்தார். "அண்ணன் மெனக்கெட்டு எழுதுறாரு, நீங்களும் எழுதியே காட்டுங்க" என்று என் மனைவி என் கையில் பேனாவையும் தாளையும் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் நான் பதில் எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு எழுதியதில்லை.

மூன்றாவது ஞாயிறு பொறுக்க முடியவில்லை. மைக், ஸ்பீக்கர், கேமரா மூன்றையும் கம்ப்யூட்டரின் உள்பட்டியலுக்குள் போய் ஒவ்வொன்றாக முடக்கினேன். பத்து மணிக்குத் திரையில் எங்கள் கட்டம் மட்டும் கறுப்பாக நின்றது. மச்சானின் சத்தம் எங்களுக்கு இல்லை, எங்கள் சத்தமும் படமும் அவருக்கு இல்லை. அவர் அட்டையைத் தூக்கினாலும் பதில் எழுதிக் காட்ட வழி இல்லை. நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மௌசை அங்கும் இங்கும் நகர்த்தினேன்.

"இது உள்ளுக்குள்ள இருக்கிற கோளாறும்மா. நம்மால ஆகாது. கம்ப்யூட்டர் கடைக்காரரைப் பாத்துட்டு வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை கடை இருக்குமா?"

"வீட்டுக்கே போயிடறேன். தெரிஞ்சவர்தான்."

நேராக டாக்டர் வீட்டுக்குப் போனேன். மூன்று ஆட்டம் ஆடினேன். மூன்றிலும் தோற்றேன். இருந்தாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. டாக்டர் தோளில் தட்டி, "அடுத்த வாரமும் வந்துட்டா சீட்டு உங்களுக்குத்தான் சார்" என்றார். விரலில் பவுடரோடு திரும்பினேன். கதவைத் திறக்கும் முன் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"டிரைவர் சரியில்லையாம்."

"நம்ம வீட்டுல டிரைவர் நான்தானே? ஸ்கூட்டரை இடிச்சது நீங்களாச்சே?"

"இது வேற டிரைவர். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும். உனக்குப் புரியாது."

"சரிங்க" என்றாள். அவள் "சரிங்க" என்று இவ்வளவு சீக்கிரம் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என் மனைவியைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு வழக்கம். முடிவு தப்பாக வந்தால் எல்லாவற்றையும் கலைத்துப் போடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். இதை அவள் வீட்டிலும் செய்வாள். சாம்பாரில் உப்புக் கூடினால்கூடக் குறிப்பு இருக்கும். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அவள் தலையிட மாட்டாள், நிபுணன் நான் இருக்கிறேனே என்று தைரியமாக இருந்தேன்.

புதன்கிழமை அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டேங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா? எப்படி?"

"ஒண்ணொண்ணாதான். முதல்ல கேமராவை மட்டும் போட்டேன், படம் வந்துச்சு. எழுதிக்கிட்டேன். அப்புறம் ஸ்பீக்கர். அப்புறம் மைக். மூணுமே நல்லாத்தான் இருக்கு. யாரோ முடக்கி வச்ச மாதிரி இருந்துச்சு."

"அதுவாவே முடக்கிக்கும். அப்டேட் வந்தா அப்படித்தான்."

"அப்படியா? அப்ப இதைப் பாருங்க." நோட்டைத் திருப்பினாள். "முதல் வாரம் மைக் மாறியிருந்துச்சு. ரெண்டாவது வாரம் ஸ்பீக்கர். மூணாவது வாரம் எல்லாமே. சனிக்கிழமை சாயங்காலம் நான் பாக்கும்போது நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் படுத்துடுது. முதல் ரெண்டு வாரமும் ராத்திரிக்குள்ள அதுவாவே சரியாயிடுச்சு. இது என்ன நோயிங்க, கிழமை பாத்து வருது?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. நெட்டுல கூட்டம்."

"நெட்டுல கூட்டம்னா மைக் போய் வேற துளைல உக்காந்துக்குமா?"

"கூட்டத்துல இடம் கிடைக்கலைன்னா எங்கயாவது உக்கார வேண்டியதுதானே."

அவள் சிரிக்கவில்லை. என் பதிலையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு. கடைசி ஞாயிறு. அன்றைக்குப் போகாவிட்டால் என் நாற்காலியில் வேறு ஆள். ஒன்பதரைக்கு அவள் துணிக்கூடையோடு மாடி ஏறினாள். நான் உட்கார்ந்து, இந்த முறை மூன்றையும் முடக்கியதோடு விடாமல், மூன்றுக்கும் உள்ள அனுமதியையும் பறித்தேன். ஒன்றைக் கண்டுபிடித்தாலும் இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாது. வேலை நடக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "மச்சானுக்கு இன்னைக்கு வாய்ப்பூட்டு. உன் தராசு நியாயத்தை உன் வீட்டுச் சுவத்துக்குச் சொல்லு" என்று ஏதோ ராகம் போட்டேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. தூசி என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்தேன். போகவில்லை. மை ஏதோ ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

டயர் கிடங்கில் திரையைப் பதிவு செய்யும் வேலை யாருக்கும் கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க அவர்கள் திரையில் நடப்பதையும், பக்கத்தில் பேசுவதையும், பேசுகிற முகத்தையும் சேர்த்துப் பதிவார்கள். பதிவு ஓடும்போது மூலையில் சிவப்புப் புள்ளி எரியுமாம். மைக்கின் கழுத்தை நான் நெரிக்கும்வரை நடந்ததெல்லாம் அதற்குள் போய்விட்டது. இது எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு, "பத்து மணிக்கு எப்படியும் கெட்டுடும், நான் முன்கூட்டியே கடைக்காரர்கிட்ட..." என்று வெளியே வருவதற்குள், முன்னறையில் மச்சானின் குரல் கணீரென்று கேட்டது.

"என்ன மாப்ள, சட்டையெல்லாம் புதுசா இருக்கு?"

திரையில் ஏழு கட்டமும் பளிச்சென்று இருந்தன. மச்சான், சின்ன மாமியார், மைத்துனி, பெரியப்பா வீடு என்று ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். என் மனைவி ஈரக் கையோடு மௌசைப் பிடித்திருந்தாள். நான் இருபது நிமிஷம் செலவழித்துக் கெடுத்ததை அவள் நாலு நிமிஷத்தில் திருப்பியிருந்தாள்.

"அண்ணா, மூணு வாரமா நம்ம வீட்டுல படமும் சத்தமும் கெட்டுப் போச்சில்ல? இவர்தான் கண்டுபிடிச்சாரு. மைக் வேற துளைக்குப் போனது, சத்தம் திரைக்குப் போனது, மூணும் முடங்கினது, இன்னைக்குக் காலைல அனுமதி எல்லாம் போனது. எது எங்க இருக்குன்னு இவருக்கு மனப்பாடம். இவரைத் தவிர யாருக்கும் தெரியாது."

நான் செய்த நாலு குற்றங்களையும் வரிசை மாறாமல் நாலு சாதனைகளாகச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது.

"அட! மாப்ளைக்கு இவ்வளவு தெரியுமா?" என்றார் மச்சான். "எங்க வீட்டுல சினிமா போட்டா படம் முன்னாடி போகுது, வசனம் பின்னாடி வருது மாப்ள."

"எனக்கு முகம் பச்சையா தெரியுதுங்க மாப்பிள்ளை" என்றார் சின்ன மாமியார்.

"நான் ஒண்ணு சொன்னா அதுவே ரெண்டு தடவை எனக்கே திரும்பக் கேக்குது மாமா" என்றாள் மைத்துனி.

"அதெல்லாம் எனக்கு எங்க..." என்று இழுத்தேன். "ஏதோ குருட்டாம்போக்குல..."

மௌசின் அம்பு மெதுவாக நகர்ந்தது. திரையின் ஓரத்தில் ஒரு கோப்பு. பெயர் "ஞாயிறு 9.28". அம்பு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"ரொம்ப அடக்கம் அண்ணா இவருக்கு" என்றாள் என் மனைவி. "இவரு வேலை செய்யறதை ஒரு வீடியோ பிடிச்சு வச்சிருக்கேன். பாட்டு வேற பாடுறாரு. எல்லாருக்கும் போடட்டுமா?"

"போடும்மா!" என்றார் மச்சான். "பாப்போம்!" என்றன மற்ற கட்டங்களும்.

எனக்கு வியர்த்துவிட்டது. தராசு நியாயம் என்ற சொல் மச்சானின் காதில் விழுந்தால், இனி ஒவ்வொரு ஞாயிறும் நான் தனிக் கட்டத்தில் விசாரிக்கப்படுவேன்.

"வீடியோ எல்லாம் எதுக்கு? வீடியோல பாத்தா புரியாது. நானே ஒவ்வொரு வீட்டுக்கா பொறுமையா சொல்லித் தரேன்!"

"எப்ப மாப்ள?"

அம்பு இன்னும் கோப்பின் மேலேயே நின்றது.

"ஞாயித்துக்கிழமை... ஞாயித்துக்கிழமைதான் எனக்கு வேலை இல்லை. பத்துலருந்து பன்னிரண்டு."

"ஒரு வாரத்துக்கு ஒரு வீடு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்" என்று என் மனைவி நோட்டைப் பிரித்தாள். "முதல்ல அண்ணன்." மேஜையில் கிடந்த ஹெட்போனைச் செருகி என் தலையில் மாட்டினாள். ஒரு காது ரொம்ப நாளாகவே வேலை செய்யாத ஹெட்போன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நீ எங்க போறே?"

"எனக்கும் அண்ணன் பேச்சு ரெண்டு மணி நேரம் தாங்காதுங்க. கூடப் பிறந்தவர் ஆச்சே, எழுந்து போக முடியாம உக்காந்திருந்தேன். இனிமே நீங்க இருக்கீங்க."

கதவு சாத்தப்பட்டது. மச்சான் தன் திரையில் சினிமாவை ஓடவிட்டு, வசனம் எத்தனை நொடி பின்தங்குகிறது என்று நிறுத்து நிறுத்துக் காட்ட ஆரம்பித்தார். பத்து நிமிஷம் ஆனது.

"மாப்ள, நான் பேசுறது கேக்குதா?"

ஒரு காதில் அவர் பேசுவது கேட்டது. இன்னொரு காதில், சிவப்புக் காய் குழியில் விழுவதும், "மேடம், இனிமே ஒவ்வொரு ஞாயிறும் நீங்கதான் நாலாவது ஆள்" என்று பல் டாக்டர் சொல்வதும் தெளிவாகக் கேட்டன.